கொள்ளை நோயும் தென்னாசிய நாடுகளின் வருவாயும்

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் தென்னாசிய நாடுகள் அனைத்தையும் தாக்கியது. ஆயினும் பொருள் நட்டம் எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவினதாக இல்லை. ஒரு நாட்டின் வருவாய் எதனைச் சார்ந்து நிற்கிறது என்பதே அந்த அளவைப் பெரிதும் நிர்ணயித்தது.

மாலத்தீவு உல்லாசப் பயணிகளை நம்பி வாழும் நாடு. 2019-இல் அங்கு ஏறத்தாழ 17 லட்சம் பயணிகள் வந்தனர். 2020 மார்ச் இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை வாயில்கள் மூடப்பட்டமையால், அவ்வாண்டில் வந்தோர் தொகை சுமார் 5.5 லட்சமாகச் சுருங்கியது. நாட்டின் மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு மறைந்தது. அரிசியையும் வெளியிலிருந்தே வாங்கும் நாடாதலின், அந்நியச் செலாவணியின் குறைவு உணவையே தொட்டது.

வங்காள தேசத்திலோ ஆயத்த ஆடைத் தொழிலே ஏற்றுமதியின் உயிர்நாடி. அயல்நாட்டு வணிகர், தைத்து முடித்த ஆடைகளுக்கான ஆணைகளையுங்கூட ரத்துச் செய்தனர். பெண் தொழிலாளர் பலர் கூலியிழந்தனர். ஆனால், வெளிநாடு சென்றோர் வங்கிகள் வாயிலாக அனுப்பிய பணம் 2019-20-இல் சுமார் 1,820 கோடி டாலராக இருந்தது, 2020-21-இல் 2,470 கோடியைத் தாண்டியது. இதைக் கண்டு அவர்தம் சம்பாத்தியம் பெருகியதெனக் கருதுவது பிழை. விமானங்கள் நின்றமையால், கைமாற்றாகவும் உண்டியல் முறையிலும் சென்ற பணத்தில் ஒரு பகுதி வங்கி வழியே வந்து கணக்கில் ஏறியது. அரசினர் அளித்த 2 சதவீத ஊக்கத்தொகையும், திரும்பி வந்தோரின் சேமிப்பும் இதற்குத் துணையாயின.

இந்தியாவில் 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபோது வடபுலத்தில் கோதுமை முற்றி நின்றது. இரண்டே நாள்களில் வயல் வேலைகளுக்கு விலக்களிக்கப்பட்டது. சந்தைகள் முடங்கியதால் பூவும் காய்கறியும் அழுகின, தானியம் தப்பிற்று. 2020-21-இல் நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 6 சதவீதம் வீழ்ந்தபோதும் விவசாய உற்பத்தி வளர்ந்தது.

இவ்வளர்ச்சியையும் எச்சரிக்கையுடனேயே நோக்க வேண்டும். நகரில் வேலையிழந்தோர் கிராமத்துக்குத் திரும்பி, இருந்த நிலத்திலேயே பங்கு கொண்டனர். கிராம வேலை உறுதித் திட்டத்தில் முந்திய ஆண்டில் 265 கோடியாக இருந்த மனித நாள்கள் 389 கோடியாயின. உழைப்போருள் விவசாயத்தைச் சார்ந்தோர் 2018-19-இல் 42.5 சதவீதம், 2020-21-இல் 46.5 சதவீதம். நோய் தணிந்த பின்னரும், 2023-24-இல், இவ்விகிதம் 46 சதவீதத்தை ஒட்டியே நின்றது.