எலும்பில் ஏறும் திருகு

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவி)



மெக்கானிக்கல் படிக்கிற பெண்ணுக்குப் பல் வைத்தியத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் ஓர் உலோகத் திருகை ஏற்றி, அதன் தலையில் செயற்கைப் பல்லைப் பொருத்துகிறார்கள். பல் மருத்துவமனைப் போர்டுகளில் ‘இம்ப்ளான்ட்’ என்று பார்த்திருப்பீர்களே, அதுதான். துளை போடுவது, கூலன்ட் விடுவது, மரை ஏற்றுவது, டார்க் பார்த்து முறுக்குவது எல்லாமே நம் பணிமனைப் பாடம். ஜாப் மட்டும் வேறு. நமக்கு மைல்டு ஸ்டீல், அவர்களுக்கு உயிருள்ள எலும்பு!

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான். அதனால் பேங்க் பாரம் நிரப்புவதில் இருந்து டாக்டர் சொல்வதைக் கேட்பது வரை என்னைத்தான் கூட்டிப் போவார்கள். என் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். கீழ்த்தாடையில் வலது பக்கம் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்கள் இல்லை. சொத்தை விழுந்து, வலி தாங்காமல் பிடுங்கிப் போட்டது. சோற்றை ஒரு பக்கமாகவே மென்று மென்று இப்போது இடது பக்கமும் கூசுகிறது என்றார். போன வருஷம் ஒரு பல் டாக்டரிடம் போனோம்.

அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். பக்கத்துப் பற்களைத் தேய்த்து அவற்றின்மேல் பிரிட்ஜ் கட்டலாம்; ஆனால் பாலத்துக்கு இரு பக்கமும் தூண் வேண்டும், அப்பாவுக்குப் பின்பக்கத் தூண் இல்லை. கழற்றி மாட்டும் பல் செட் வைக்கலாம். இல்லையென்றால் இம்ப்ளான்ட். அப்பா என் பக்கம் திரும்பி, “ஏன் தாயி, திருகாணின்னா கழண்டு வந்துராதா? கல்லுல ஆணி அடிச்சாலே நாளாவட்டத்துல ஆடுதே” என்றார்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் இதையெல்லாம் படித்தேன்.

முயலின் காலில் மாட்டிக்கொண்ட உலோகம்

போன பல்லுக்குப் பதில் வேறு எதையாவது ஊன்றிப் பார்க்கும் ஆசை மனிதனுக்குப் பழசு. 1931-இல் ஓண்டுராஸ் நாட்டில் கிடைத்த மாயா இனத்தவரின் தாடை எலும்பு ஒன்றில், கீழ் முன்பற்களின் குழியில் சிப்பி ஓட்டுத் துண்டுகள் பல் வடிவில் செருகியிருந்தன. சுமார் கி.பி. 600 காலத்தது. பிற்பாடு தங்கம், பிளாட்டினம் என்று என்னென்னவோ செருகிப் பார்த்தார்கள். பெரும்பாலும் நிலைக்கவில்லை. அந்நியப் பொருளைச் சுற்றி உடம்பு ஒரு மெல்லிய நார்த்திசு உறையைப் போட்டுவிடும். உறைக்குள் உலோகம் ஆடும், சீழ் வைக்கும், விழும். அப்பா சொன்ன ஆணிக் கதைதான்.

திருப்பம் சுவீடனில் வந்தது. 1952-இல் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர் எலும்புக்குள் ரத்தம் ஓடும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன சிறு கூடு ஒன்றைப் பதித்து, அதன் வழியே மைக்ராஸ்கோப்பில் கவனிப்பார். ஆராய்ச்சி முடிந்து கூட்டைக் கழற்றப் போனால்... வரவில்லை! எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. வேறொருவர் என்றால் விலை உயர்ந்த கருவி போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார். இவர் ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு பல வருஷம் மல்லுக்கட்டி, 1965-இல் யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளை வைத்தார். பிறவியிலேயே தாடைக் குறைபாடு உள்ளவர் அவர். 2006-இல் அவர் இறக்கும் வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அவை வேலை செய்தன. அப்படியும் மருத்துவ உலகம் லேசில் நம்பவில்லை. 1982-இல் கனடாவின் டொரான்டோ நகர மாநாட்டுக்குப் பிறகுதான் வட அமெரிக்காவில் இந்த முறை ஏற்கப்பட்டது. பிரோனமார்க் 2014-இல் காலமானார்.

சரி, டைட்டானியத்தில் என்ன விசேஷம்? காற்றுப் பட்டவுடன் அதன்மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் படிந்துவிடும். இரும்பின் துரு இரும்பையே தின்னும். இந்தப் படலமோ உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். உடம்புக்குள் இருப்பது உப்புக் கரைசல் என்பதை நினைத்தால் இதன் அருமை தெரியும். இந்தப் படலத்தை ஒட்டியே, நடுவில் நார் உறை இல்லாமல், எலும்பு வளர்கிறது. இன்னொன்று விறைப்பு. யங் குணகம் எஃகுக்குச் சுமார் 200 ஜிகா பாஸ்கல், டைட்டானியத்துக்குச் சுமார் 110, கெட்டி எலும்புக்கு 15 முதல் 20. எலும்பளவு வளையாது என்றாலும் எஃகைவிடப் பரவாயில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட் என்ற டைட்டானியத் தாது கிடைக்கிறது. தாது இங்கேயே இருக்கும்போது திருகுக்கு ஏன் இந்த விலை? 4 மி.மீ. விட்டம், 10 மி.மீ. நீளம் என்று கணக்குப் போட்டேன். அடர்த்தி 4.5. எடை அரை கிராம் சொச்சம்தான் வருகிறது! ஆகவே காசு உலோகத்துக்கு அல்ல. துல்லியமாகக் கடைவதற்கும், மேற்பரப்பை எலும்பு பிடிக்கும்படி சொரசொரப்பாக்குவதற்கும், கிருமி நீக்குவதற்கும், ஸ்கேனுக்கும், டாக்டரின் கை வேலைக்கும்தான்.

நம் பணிமனைக் கணக்கு

டிரில் பிட் சூடேறி நீலம் பாய்ந்தால் நாம் சாணை பிடித்துக்கொள்ளலாம். எலும்புக்கு அந்த வசதி கிடையாது. முயல் எலும்பில் சோதித்து 1983-இல் வெளியிட்ட ஆய்வுப்படி, 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிஷம் நீடித்தாலே எலும்பு கெட்டுவிடுகிறது. நாம் குடிக்கும் டீ அதைவிடச் சூடு! அதனால்தான் சலைன் நீரைப் பீய்ச்சிக்கொண்டே, சிறிய பிட்டில் ஆரம்பித்துப் படிப்படியாகப் பெரிய பிட்டுக்குப் போகிறார்கள். கீழ்த்தாடைக்குள் நரம்பு ஓடுகிறது, மேல்தாடைக்கு மேலே காற்றறை இருக்கிறது. ஆழத்தை ஸ்கேனில் பார்த்து முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

கடைசித் துளை திருகைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். அதில் திருகு இறுக்கமாக ஏறும். வழக்கமாகச் சொல்லும் டார்க் 35 நியூட்டன் சென்டிமீட்டர். 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் இது எவ்வளவு விசை? 1.75 நியூட்டன். ஏறக்குறைய 180 கிராம் எடை. இரண்டு விரல் போதும். மிகக் குறைந்தால் திருகு ஆடும். எக்கச்சக்கமாக முறுக்கினால் எலும்பு நசுங்கும்.

இதிலே எனக்கு மிகவும் ஆச்சரியம் தந்தது அடுத்த கட்டம். ஏற்றிய அன்று இருக்கும் பிடி வெறும் மரையின் பிடி. பிறகு உடம்பு நசுங்கிய எலும்பை அரித்து எடுத்துவிட்டுப் புது எலும்பைக் கட்டுகிறது. பழைய பிடி குறைந்து, புதுப் பிடி இன்னும் முழுசாக வராத மூன்று, நான்கு வாரக் கணக்கில் திருகு இருப்பதிலேயே பலவீனமாக நிற்கும். அந்தச் சமயத்தில் 0.15 மி.மீ. ஆட்டம் கண்டாலும் எலும்புக்குப் பதில் நார் வளர்ந்துவிடலாம். கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் பொறுத்த பிறகே பல் கட்டுவது பிரோனமார்க்கின் முறை. இன்று தகுந்த எலும்பு இருந்தால் சீக்கிரமும் கட்டுகிறார்கள். கான்கிரீட் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பதில்லையா, அதுபோல என்று சொன்னேன். அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

“அப்ப எலும்பே நட்டு மாதிரி பிடிச்சுக்கும்கிற” என்றார். அதேதான்!

ஆனால் டாக்டர் முதலில் கேட்டது காசை அல்ல, வெற்றிலையோடு போடும் புகையிலையை. அதை விடச் சொன்னார், சர்க்கரை பார்க்கச் சொன்னார். புகைப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் எலும்பு சேர்வது தவறிப்போக வாய்ப்பு அதிகம். பிறகு தொகை சொன்னார்: பல்லுக்கு ரூ.30,000. “ரெண்டு பல்லுக்கு அறுபதாயிரமா? தங்கச்சி பீஸை யாரு கட்டுறது?” என்று அப்பா எழுந்துவிட்டார்.

கழற்றி மாட்டும் பல் செட்தான் இப்போதைக்கு. அதில் கேவலம் ஒன்றும் இல்லை, சோறு மெல்ல முடிகிறது. ஆனால் பல் போன இடத்தில் எலும்பு வருஷா வருஷம் கரைந்துகொண்டே போகும். ரொம்பத் தள்ளிப்போட்டால் திருகு ஏற்ற எலும்பு போதாமல், எலும்புத் தூள் வைத்து நிரப்பும் செலவும் சேரும். ஆகவே அரசு பல் மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அப்ரண்டிஸ் உதவித்தொகை வந்தால் ஒரு பல்லுக்காவது வழி பிறக்கும். புகையிலையை விட்டு நான்கு மாதம் ஆகிறது. டீக்கடைப் பக்கம் போனால் மட்டும் கை பாக்கெட்டைத் தடவுகிறதாம்.

உங்கள் வீட்டில் யாராவது ஏற்கெனவே வைத்திருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றிச் சுமார் 0.2 மி.மீ. கனத்தில் ஒரு நார்ப்படலம் உண்டு. நம் பாஷையில் ஷாக் அப்சார்பர். சோற்றில் கல் கடிபட்டதும் ‘சுரீர்’ என்று சொல்வதில் அதற்குப் பெரிய பங்கு. இம்ப்ளான்ட்டில் அது கிடையாது. அதிர்ச்சி நேராக எலும்புக்குப் போகும், கெடுதல் வந்தாலும் வலி மெதுவாகத்தான் தெரியும். அதற்குச் சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள ஈறு புண்ணாகி எலும்பு கரையலாம். பல் தேய்ப்பதில் சலுகை கிடையாது. வைத்த பல் லேசாக ஆடினால், எல்லாம் போச்சு என்று பதறவும் வேண்டாம், அப்படியே மென்றுகொண்டிருக்கவும் வேண்டாம். பல சமயம் தளர்ந்திருப்பது எலும்பில் உள்ள பெரிய திருகு அல்ல, மேல்பல்லை அதோடு இணைக்கும் சின்னத் திருகுதான். அதை மறுபடி டார்க் வைத்து முறுக்கிவிடலாம். அப்படியே விட்டால் சின்னத் திருகு உள்ளேயே முறிந்துவிடும். உடைந்த ஸ்டட்டை வெளியே எடுக்கும் பாடு நமக்குத் தெரியாததா?