எரிமலை பார்க்கக் கப்பல் ஏறப் போறியா? கொஞ்சம் உட்காரு தாயி!

தேக்கடியில படகு ஏறி யானை பார்த்த தைரியத்துல அந்தமானுக்குக் கிளம்பிட்ட. சரி, போ. பாரன் தீவு எரிமலையைக் காட்ட 2025 அக்டோபர்ல அந்தமான் நிர்வாகமே ராத்திரிக் கப்பல் அறிவிச்சதும் அறிவிச்சாங்க, உன்னை மாதிரி நாலு பேர் எங்கிட்ட வந்து கேட்டாச்சு. திராட்சைக்குக் கவாத்து, ஏலக்காய்க்கு ஏலம்னு உனக்குத் தலைக்கு மேல வேலை. சொல்றதைச் சட்டுன்னு கேட்டுக்கோ.

1. ஆசையை அளவா வச்சுக்கோ. போர்ட் பிளேர்ல இருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். நம்ம நாட்டுல இப்பவும் நெருப்பு கக்குற எரிமலை இது ஒண்ணுதான். உயரம் என்னவோ 354 மீட்டர். மேகமலையை அண்ணாந்து பார்த்து வளர்ந்த உனக்கு மேடு மாதிரிதான் தெரியும். மீதி உடம்பெல்லாம் கடலுக்கடியில ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நிக்குது. நூத்தம்பது வருஷத்துக்கு மேல சும்மா கிடந்துட்டு 1991-ல முழிச்சது. 2025 செப்டம்பர்லகூடச் சீறிச்சு. ஆனா நீ போற அன்னைக்குக் குழம்பு வழியும்னு யாரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க. சில நாள் வெறும் புகைதான். "இவ்வளவுதானா"ன்னு கப்பல்ல சத்தம் போட்டு மானத்தை வாங்காதே.

2. தூங்கித் தொலைக்காதே. எல்லாரும் பண்ற தப்பு இதுதான். நல்ல வெயில்ல கரி அடுப்பைப் பாரு, தணல் இருக்கிறதே தெரியாது. விளக்கை அணைச்சுட்டுப் பாரு, செக்கச்செவேல்னு கிடக்கும். எரிமலைக் குழம்பும் அப்படித்தான். மேல ஆறினதும் கறுப்புத் தோல் போர்த்திக்கும், பகல்ல வெறும் கரும்பாறை. இருட்டுலதான் அதோட வெடிப்புல சிவப்புத் தெரியும். அந்தமான்ல நம்ம ஊரைவிட ஒரு மணி நேரம் முன்னாடியே விடிஞ்சிடும். வீட்டுக் கணக்குல அஞ்சரைக்கு எழுந்திருச்சா கதை முடிஞ்சது. நாலு மணிக்கு அலாரம் வை. சால்வையோட மேல்தளத்துக்குப் போயிடு.

இன்னொண்ணு: எரிமலை வாயோட சுவர் மேற்குப் பக்கம் உடைஞ்சு கிடக்கு. குழம்பு கடலுக்கு இறங்குறது அந்த வழியாத்தான். அதனால கப்பல் மேற்கே நிக்கிற நேரத்தை விட்டுடாதே. சூரியன் மேல வந்துட்டா எரிமலைக்குப் பின்னாடி இருந்து கண்ணுல குத்தும், போட்டோவும் கறுப்பா விழும்.

3. எல்லாரும் ஒரே பக்கம் ஓடினா நீ ஓடாதே. இதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2009 செப்டம்பர் 30 அன்னைக்குத் தேக்கடியில ரெண்டடுக்குப் படகு சாய்ஞ்சு 45 பேர் போனாங்க. பெரிய கப்பல் அப்படி லேசுல சாயாதுதான், ஆனா வாடகைக்கு எடுக்கிற சின்னப் படகு சாயும். லைஃப் ஜாக்கெட்டைத் தலையணையா வைக்காதே, மாட்டு.

4. "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்களேன்"னு படகுக்காரரை நச்சரிக்காதே. 2018 ஜூலையில ஹவாய்ல குழம்பு கடல்ல விழுறதைப் பார்க்கப் போன சுற்றுலாப் படகு மேல பாறை வந்து விழுந்து, கூரை ஓட்டையாகி 23 பேருக்குக் காயம். கொதிக்கிற எண்ணெயில தண்ணி தெளிச்சா என்ன ஆகும்னு தெரிஞ்ச நீயே அதைக் கேட்கலாமா? அங்கே எழும்புற வெள்ளை ஆவியும் சாதா ஆவி இல்லை. உப்புத் தண்ணியும் குழம்பும் சேர்ந்து அமிலமாகுது, கூடவே பொடிக் கண்ணாடித் தூள். தீவுல இறங்க முடியாது, அந்த ஆசையையும் இங்கேயே விட்டுட்டுப் போ.

5. டிசம்பர், ஜனவரியில வாடைக்காற்று வடகிழக்குல இருந்து அடிக்கும். மேற்கே நிக்கிற உன் மூஞ்சிக்கே புகை வரும். மாஸ்க் வச்சுக்கோ. கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போடு. ஆஸ்துமா இருந்தா மருத்துவரைக் கேட்காம டிக்கெட்டே போடாதே. நம்ம ஊர்ல சாரல் அடிக்கிற ஜூன், ஜூலையில அந்தக் கடல் பக்கமே தலை வைக்காதே.

6. போடிமெட்டு வளைவுல வாந்தி எடுக்கிற ஆளா நீ? அப்போ கப்பலோட நடுப்பகுதியில, கீழ்த்தளத்துல படுக்கை கேளு. ஆட்டம் அங்கேதான் கம்மி. வெறும் வயிறு வேண்டாம், ரெண்டு இட்லி போதும். போனைக் குனிஞ்சு பார்க்காம தூரத்துல கடல் முடியிற கோட்டைப் பாரு. வாந்தி மாத்திரையை மருத்துவரைக் கேட்டு, கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே போட்டுடு. தூக்கம் வரும். எங்கூட வந்த மதினி நடுராத்திரியில ஒண்ணை முழுங்கிட்டு, எரிமலையைத் தாண்டி ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கண்ணைத் திறந்தா.

7. கைப்பிடிக் கம்பியில போனை வச்சு எடுக்காதே. இன்ஜின் அதிர்வுல படம் கலங்கும். முழங்கையை இடுப்போட ஒட்டி வச்சுக்கோ. ஃபிளாஷை அணை, அது எரிமலைக்கு எட்டாது, பக்கத்துல நிக்கிறவங்க கண்ணைத்தான் கெடுக்கும்.

8. போடியில இருந்து சென்னைக்கு 2023-ல ரயில் வந்தாச்சு, ஆனா தினமும் கிடையாது. ரயில் இறங்கின அன்னைக்கே விமானம்னு போடாதே. கடல் சரியில்லைன்னா கப்பலையும் தள்ளி வைப்பாங்க; திரும்புற டிக்கெட்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் சும்மா விடு. போர்டுல ஸ்ரீ விஜயபுரம்னு இருந்தா பதறாதே, 2024-ல போர்ட் பிளேருக்கு வச்ச பேர்தான் அது. நடுக்கடல்ல சிக்னல் இருக்காது, வீட்ல முன்கூட்டியே சொல்லிட்டுப் போ.

அப்புறம், ஊர்ப் பெருமைக்குன்னு பன்னீர் திராட்சையைப் பையில திணிச்சுக்கிட்டுப் போகாதே. கவாத்து மாசம் நான் கொண்டு போனதுல இருந்து என் துணிப்பையில அந்தக் கறை இன்னும் போகலை.