குஞ்சுக்குக் கழிச்சலா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோர வீடுகளில் நாட்டுக்கோழிக் குஞ்சு கழிந்தால் உடனே மருந்து தேடுகிறோம். முதல் வாரத்தில் வரும் கழிச்சல் பல நேரம் நோயே அல்ல. சூடு, தண்ணீர், தரை இவற்றில் ஏதோ ஒன்று சரியில்லை என்பதன் அடையாளம்.

1. எச்சம் பின்புறம் ஒட்டிக் காய்ந்து வழியை அடைத்துவிட்டால் குஞ்சு பிழைப்பது அரிது. பிய்த்து எடுக்காதீர்கள். தோல் கிழிந்து ரத்தம் தெரிந்தால் மற்ற குஞ்சுகள் அங்கேயே கொத்தும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்து ஊறவிட்டு, இளகியதும் துடையுங்கள். நன்றாக உலர்த்தி, தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவி, பிறகு கூட்டத்தில் விடுங்கள். தினமும் காலையில் ஒவ்வொரு குஞ்சையும் திருப்பிப் பாருங்கள்.

2. எச்சவாய்க்கு முன்னால், அடிவயிற்றில் இருக்கும் காய்ந்த பொருக்கு தொப்புள். அதைத் தொடவே கூடாது. தொப்புள் சிவந்து கசிந்து, வயிறு உப்பி, நாற்றம் அடித்தால் குஞ்சைத் தனியே பிரித்து கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டு வைத்தியம் இதற்கு உதவாது.

3. குஞ்சுகள் இருக்கும் இடத்தில் முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறையுங்கள். வெப்பமானி இல்லையென்றால் குஞ்சுகளே சொல்லும்: சூட்டுக்காகப் போட்ட பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. செங்கல்பட்டு வெயிலில், மே மாதப் பகலில் பல்பே வேண்டியிருக்காது. அதிகச் சூட்டில் உடம்பு வறண்டுதான் எச்சம் ஒட்டத் தொடங்குகிறது.

4. இந்தக் கடற்கரைக்கே உரிய தொல்லை உப்புத் தண்ணீர். கோடையில் பல கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் தண்ணீர் கரிக்கும். பெரிய கோழி ஓரளவு தாங்கும். குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. உப்பு ஏற ஏறத் தாகமெடுத்து இன்னும் குடிக்கும், தண்ணீராகக் கழியும், வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். கழிச்சலைக் கண்டு அதே தண்ணீரில் உப்புக் கரைசல் பொடியைக் கலந்தால் நிலைமை மோசமாகும். முதல் ஒரு மாதத்துக்கு மட்டுமாவது கேன் தண்ணீரோ, சேமித்துக் கொதிக்க வைத்து ஆற்றிய மழைநீரோ கொடுங்கள். பத்துக் குஞ்சு குடிப்பது கொஞ்சம்தான், செலவு பெரிதல்ல.

5. மீனவர் குப்பங்களில் கருவாட்டுக் கழிவு எளிதாகக் கிடைக்கும். உப்பிட்ட கருவாட்டைக் குஞ்சுக்குப் போடாதீர்கள், காரணம் மேலே சொன்னதேதான்.

6. குஞ்சு பொரித்ததும் தீனிக்கு அவசரமில்லை. வயிற்றில் மிஞ்சிய மஞ்சள்கரு இரண்டு மூன்று நாள் தாங்கும். முதலில் தண்ணீர் காட்டுங்கள். வெல்லம் கரைத்த நீர் முதல் நாளுக்குப் போதும். தொடர்ந்தால் அதுவே வயிற்றை இளக்கும்.

7. முதல் மூன்று நாள் தரையில் பரப்பிய உமியின்மேல் சொரசொரப்பான தாள் விரித்து, அதில் நொய்யையோ குஞ்சுத் தீவனத்தையோ தூவுங்கள். இல்லாவிட்டால் உமியைத் தின்று தீனிப்பை அடைத்துக்கொள்ளும்.

8. எல்லா எச்சத்துக்கும் பயப்பட வேண்டாம். நுனியில் வெள்ளை இருப்பதும், இடையிடையே பழுப்பாகக் குழைந்து விழுவதும் இயல்பு. சுண்ணாம்புபோல் வெள்ளையாகக் கழிந்து, இரண்டு வாரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் அது தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாக வந்த தொற்றாக இருக்கலாம். பரிசோதிக்கும்வரை அந்தக் கோழியின் முட்டையை அடைக்கு வைக்காதீர்கள்.

9. வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் இதிலிருந்து வேறான வைரஸ் நோய், வந்தபின் மருந்தில்லை. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ தடுப்புச் சொட்டு மருந்து போட்டுவிட வேண்டும். சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி அரைத்த உருண்டையைத் துணையாகக் கொடுக்கலாம். தடுப்பு மருந்துக்கு அது ஈடாகாது. காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கோழி வளர்ப்பு பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

10. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரை ஈரமானால், மூன்றாம் வாரம் வாக்கில் ரத்தக் கழிச்சல் வரும். ஈர உமியை அன்றே அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். மருத்துவர் ஆம்ப்ரோலியம் எழுதித் தந்தால், அது கொடுக்கும் நாட்களில் பி வைட்டமின் சொட்டு மருந்தை நிறுத்துங்கள். அதிலுள்ள தயமின் மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.