விற்பவருக்கும் ஒரு வக்கீல் வேண்டும்

சொத்து வாங்குகிறவர்தான் வக்கீலைத் தேட வேண்டும் என்று நினைப்பவர்கள் தாம்பரம் பக்கம் நிறையப் பேர். சேலையூரில் அப்பா கட்டிய வீட்டை விற்கக் கிளம்பியபோது நானும் அப்படித்தான் இருந்தேன். புரோக்கர் கூட்டிவந்தவரே ஒப்பந்தம் எழுதினார்; பதிவும் ஆனது. ஆறு மாதத்தில் வாங்குபவர் பின்வாங்கினார். ஒப்பந்தம் மட்டும் வில்லங்கச் சான்றில் உட்கார்ந்துகொண்டது. அடுத்து வந்தவர்கள் அந்த ஒற்றை வரியைப் பார்த்தே திரும்பிப் போனார்கள். ரத்துப் பத்திரத்தில் அவர் கையெழுத்து வாங்க நான் நடந்த நடை கொஞ்சமல்ல.

ஆகவே முதலில், புரோக்கருக்கும் வாங்குபவருக்கும் வேண்டப்பட்ட வக்கீல் வேண்டாம். வங்கியின் பேனல் வக்கீல் உங்கள் தாள்களைப் பார்ப்பார்தான். ஆனால் வங்கிக்காகப் பார்ப்பார். பத்திரம் எழுதுபவர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் அவர் வக்கீல் அல்ல.

விளம்பரம் பார்த்துத் தேட முடியாது. பார் கவுன்சில் விதி வக்கீல்களுக்கு அதை அனுமதிப்பதில்லை. உங்கள் தெருவில் அண்மையில் விற்றவர்களைக் கேளுங்கள். இரண்டு மூன்று பெயர் கிடைத்ததும், சிவில் வழக்கு பார்ப்பவர்தானா என்று விசாரித்து, தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இதில் கூச்சம் எதற்கு?

பிறகு ஜெராக்ஸ் கட்டோடு நேரில் போங்கள்: கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது. அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். நான் இரண்டாவதாகப் பிடித்த வக்கீல் பத்திரத்தின் நான்கெல்லை மேல் விரலை வைத்து, பட்டாவோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். "பட்டா இன்னும் அப்பா பேர்லயே இருக்கே சார்? வாரிசுச் சான்றிதழ் எங்க? தங்கச்சி கையெழுத்துப் போடுவாங்களா?" என்றார். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் தங்கைக்கும் சம பங்கு உண்டு.

காலி மனை என்றால் இன்னும் இரண்டு கேள்வி அவர் வாயிலிருந்தே வர வேண்டும். லேஅவுட்டுக்கு அனுமதி இருக்கிறதா? அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்துக்கு 20-10-2016தான் எல்லைக்கோடு. சர்வே எண் ஏரிப் புறம்போக்கைத் தொடுகிறதா? செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், பீர்க்கன்காரணை என்று ஏரிகளுக்கு நடுவே வாழும் ஊர் இது.

ஃபீஸை முன்கூட்டியே பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் எழுதுவது, கிரயப் பத்திர வரைவைச் சரிபார்ப்பது, பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வருவது எல்லாம் அதில் அடக்கமா? விற்று முடிந்ததும் விலையில் இத்தனை சதவீதம் என்பவரை நான் தவிர்ப்பேன். விற்றால்தான் காசு என்றானபின், "வேண்டாம், நிறுத்துங்க" என்று அவர் எப்படிச் சொல்வார்?

ஒப்பந்தத்தில் அட்வான்ஸ், கெடு, பின்வாங்கினால் யார் எத்தனை நாளில் ரத்துப் பத்திரம் போடுவது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், நீங்கள் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால், வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டுவார். அதைக் கழித்த மீதிக்கான டிடியை வக்கீல் கையில் வாங்கிப் பார்த்த பிறகு நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்.