செல்போன் ஆங்கிலம் சொல்லித் தருமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

சதுரங்கப்பட்டினத்தில் வளரும் குழந்தையின் காதில் ஒரே நாளில் பல மொழிகள் விழும். குப்பத்து வீட்டில் தமிழ், பக்கத்துக் கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பில் தெலுங்கு, மலையாளம், இந்தி, பள்ளி வேனில் ஆங்கில ரைம்ஸ். எல்.கே.ஜி. சேரும்போதே பிள்ளை தமிழும் ஆங்கிலமும் பேச வேண்டும் என்று பெற்றோர் ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் அந்த ஆசைக்குக் குறுக்குவழியாகச் செல்போனை நீட்டிவிடுகிறோம். அதைச் சுற்றிச் சில நம்பிக்கைகளும் வளர்ந்துவிட்டன.

நம்பிக்கை 1: ஆங்கிலப் பாட்டை ஓடவிட்டால் போதும், மொழி தானாக வந்துவிடும்.

உண்மை: கைக்குழந்தைக்கு அப்படி வராது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரிஷியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒன்பது மாதக் குழந்தைகளில் ஒரு பிரிவோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் படித்துப் பேசினார்கள். மொத்தம் 12 அமர்வுகள். இன்னொரு பிரிவுக்கு அதையே டிவிடியில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். டிவிடி பார்த்தவர்களிடம் எந்த முன்னேற்றமும் இல்லை. நேரில் பேசுபவர் குழந்தை எங்கே பார்க்கிறது என்று கவனிக்கிறார், அது 'ங்கா' என்றால் பதில் சொல்கிறார். ஓடும் வீடியோ யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

இதில் வீடியோ கால் மட்டும் விதிவிலக்கு. இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகள் நேரடி வீடியோ உரையாடலில் புதிய சொற்களைக் கற்றுக்கொண்டார்கள், பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பா தினமும் கூப்பிட்டுப் பேசினால், அது நல்ல திரைநேரம்.

நம்பிக்கை 2: 'எஜுகேஷனல்' என்று போட்டிருந்தால் நம்பிக் கொடுக்கலாம்.

உண்மை: அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். 'பேபி ஐன்ஸ்டைன்' டிவிடிகள் ஒருகாலத்தில் அமெரிக்க வீடுகளில் குவிந்திருந்தன. அவற்றால் குழந்தைகளுக்குப் பயனில்லை என்ற எதிர்ப்பு வலுத்ததும், 2009இல் டிஸ்னி நிறுவனம் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

நிகழ்ச்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சுட்டி டிவியில் புஜ்ஜியோடு தமிழ் பேசி வந்த டோராவை நினைவிருக்கிறதா? ஆங்கிலத்தோடு ஸ்பானிய மொழியையும் கலந்து சொல்லித்தர 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய தொடர் அது. டோரா நேராகப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள், பிறகு பேசாமல் நிற்பாள். அந்த இடைவெளியில்தான் குழந்தை வாய் திறக்கிறது. டோராவைப் பார்த்த சிறு குழந்தைகளிடம் சொல்வளம் கூடுதலாகவும், 'டெலிடபீஸ்' பார்த்தவர்களிடம் குறைவாகவும் இருந்ததாக 2005இல் ஓர் அமெரிக்க ஆய்வு பதிவு செய்தது. ஒரே கதை, நிதானமான பேச்சு, பதிலுக்கு இடம் ஆகிய மூன்றும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். நொடிக்கொரு காட்சி மாறி, ஒன்று முடியும் முன்பே அடுத்தது ஓடத் தொடங்கும் வீடியோக்களை ஒதுக்கிவிடுங்கள்.

நம்பிக்கை 3: இரண்டு மொழி சேர்ந்தால் குழந்தை குழம்பிப் பேச்சு தாமதமாகும்.

உண்மை: இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. தமிழ்ச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து எண்ணினால், இருமொழிக் குழந்தையின் சொல்வளம் மற்றக் குழந்தைகளுக்கு ஈடாகவே இருக்கும். "அம்மா, வாட்டர் குடு" என்று கலந்து பேசுவதும் இயல்பு. இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், மொழிமேல் பழிபோட்டுக் காத்திருக்காமல் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இங்கிருந்து எட்டும் தூரம்தான்.

நம்பிக்கை 4: நமக்கே ஆங்கிலம் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து என்ன பயன்?

உண்மை: இந்த எண்ணம்தான் குழந்தைக்கு அதிக இழப்பு. 2010இல் ஜூடி டெலோச் குழுவினர், 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்குச் சொல் கற்பிக்கும் டிவிடி ஒன்றை நான்கு வாரம் சோதித்தார்கள். அதைப் பார்த்த குழந்தைகள், பார்க்காதவர்களைவிடக் கூடுதலாக எதையும் கற்கவில்லை. டிவிடியே இல்லாமல், அன்றாட வேலைகளுக்கு நடுவே பெற்றோர் அதே சொற்களைச் சொல்லிக்கொடுத்த குழந்தைகள்தான் முந்தினார்கள்.

அதற்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. புதுச்சேரியில் இயங்கும் புக்பாக்ஸ் நிறுவனத்தின் தமிழ்க் கதை வீடியோ ஒன்றை நான்கு வயதுப் பேரனோடு ஓர் ஆயா பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கதை சொல்லச் சொல்ல, அந்தந்தத் தமிழ்ச் சொல் திரையின் அடியில் நிறம் மாறுகிறது. திரையில் நண்டு வந்ததும் ஆயா நிறுத்துகிறார். "இது நம்ம வலையில வருமாடா?" "வராது ஆயா, நம்மளது நீலம்." "எத்தனை காலு இருக்கு, எண்ணு." பேரன் எண்ணத் தொடங்குகிறான். பாடம் நடப்பது அந்த நிறுத்தத்தில்தான். அதே கதையை மறுநாள் ஆங்கிலத்தில் போட்டால், பொருள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ஆங்கிலச் சொல் வந்து ஒட்டிக்கொள்ள இடம் இருக்கும். வீட்டுத்தமிழ் எவ்வளவு பலமோ, அவ்வளவுக்கு ஆங்கிலமும் நிற்கும்.

நம்பிக்கை 5: படிப்பு வீடியோவுக்கு நேரக்கணக்கு கிடையாது.

உண்மை: உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி, ஒரு வயது முடியும்வரை திரையே வேண்டாம், அடுத்த ஓராண்டும் உகந்ததல்ல, இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைத்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகமும் இரண்டு வயதுக்குள் வீடியோ கால் தவிர எதுவும் வேண்டாம் என்கிறது. இட்லி ஊட்டும்போது செல்போனை எதிரில் நிறுத்தும் பழக்கத்தையும் விடவேண்டும். குழந்தையோடு அதிகம் பேசக் கிடைக்கும் நேரமே சாப்பாட்டு நேரம்தான். அதைத் திரைக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

திரையை அணைத்த பிறகும் இரண்டு மொழிக்கு வழி உண்டு. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படக்கதைகளைப் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் பல கதைகள் இரு மொழியிலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இன்று குழந்தை கையில் இருக்கும் வீடியோவை முதலில் நீங்கள் முழுதாகப் பாருங்கள். தேறினால், பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் சேர்ந்து பாருங்கள், நடுவில் நிறுத்திப் பேசுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்க முடியாத நாளில் வீடியோவும் வேண்டாம்.