ஊசி எதற்கு, படம் எதற்கு என்று கேட்போம்



"டாக்டர் சொன்னாரு, செஞ்சோம்." தோட்டத்து லயங்களிலும், தோட்டம் போன பிறகு தாமான்களில் குடியேறிய நம் வீடுகளிலும் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. என்ன சோதனை செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரிவதில்லை. கட்டிய பணம் மட்டும் காசு சுத்தமாக நினைவில் இருக்கும்.

இதற்குக் காரணம் உண்டு. நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசர் ஊற்றிக் கொடுத்த மருந்தை வாய் திறக்காமல் குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போவதே வழக்கம். கேள்வி கேட்டால் வேலைக்குக் கள்ளம் என்பார்கள். அந்தப் பயம் நம் இரத்தத்தில் ஊறிவிட்டது. இன்னொரு பழக்கமும் கூடவே வந்தது. ஊசி போடாத டாக்டரை நாம் டாக்டராகவே மதிப்பதில்லை! ஆகவே தேவையில்லாத வைத்தியத்துக்கு டாக்டர் மட்டும் காரணமில்லை. கேட்டு வாங்குகிற நாமும் ஒரு காரணம்.

ஒரு மருந்தின் கதை

தேவை, தேவையில்லை என்பதன் பொருள் விளங்க, நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

1948-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு அமெரிக்காவிலிருந்து டாக்டர் ஜோசப் ஸ்மேடல் என்பவரின் குழு வந்தது. லாலான் புல்லிலும் புதரிலும் வாழும் மிகச் சிறிய பூச்சி கடிப்பதால் 'ஸ்கிரப் டைபஸ்' என்ற கொடிய காய்ச்சல் வரும். காட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்தவர்களை அது வாட்டி வந்தது. குளோரோமைசெட்டின் என்ற புதிய மருந்தை அந்த நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பலன் கண்கூடாகத் தெரிந்தது. டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களும் தேறினார்கள்! டைபாய்டுக்கு நல்ல மருந்தே இல்லாதிருந்த காலம் அது. மலாயா மண்ணில் கிடைத்த இந்தச் செய்தி உலகமெங்கும் பரவியது.

பிறகு நடந்ததுதான் பாடம். இவ்வளவு வலிமையான மருந்தை உலகின் பல நாடுகளில் சாதாரண சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் கூடக் கொடுக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் ஒரு கெட்ட செய்தி வந்தது. இந்த மருந்து சிலருடைய எலும்புக்குள் இரத்தம் ஊறும் மஜ்ஜையையே அழித்துவிடுகிறது, அவர்களில் பலர் இறக்கிறார்கள் என்று தெரிந்தது. 1952-இல் அமெரிக்க அரசு மருந்தின் மேல் எச்சரிக்கை அச்சிட வைத்தது. ஏறத்தாழ 25 ஆயிரம் முதல் 40 ஆயிரம் பேரில் ஒருவருக்கு இந்தக் கேடு வரலாம் என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

கொஞ்சம் யோசியுங்கள். டைபாய்டில் கிடப்பவனுக்கு மருந்து கொடுக்காவிட்டால் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் சாகக்கூடும். அவனுக்கு அந்தச் சிறிய ஆபத்து ஏற்கத்தக்கது. ஒரு வாரத்தில் தானே போகும் சளிக்காக அதே ஆபத்தை ஏற்பது அறிவாகுமா? மருந்து ஒன்றே. ஆளுக்குத் தேவை உண்டா என்பதைப் பொறுத்து அது உயிர் காக்கும், அல்லது உயிர் வாங்கும். எல்லா மருந்துக்கும், ஊசிக்கும், படத்துக்கும் இதே கணக்குத்தான்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

2012-இல் அமெரிக்காவில் பல மருத்துவர் சங்கங்களே ஒன்று சேர்ந்து, "எங்கள் துறையில் தேவையில்லாமல் நடப்பவை இவை" என்று பட்டியல் போட்டு வெளியிட்டன. கனடா முதலிய நாடுகளும் பின்தொடர்ந்தன. டாக்டர்களே ஒப்புக்கொண்ட விஷயத்தை நாம் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்:

1. ஐயா, இந்தச் சோதனை எதுக்கு? முடிவு எப்படி வந்தாலும் வைத்தியம் ஒன்றேதானா, இல்லை மாறுமா?

2. இதனால் என்ன கெடுதல் வரலாம்?

3. இதைவிடச் சுலபமான வழி உண்டா?

4. இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தால் என்ன ஆகும்?

5. மொத்தம் எவ்வளவு செலவாகும்?

முதல் கேள்வியே முக்கியம். எந்த முடிவு வந்தாலும் வைத்தியம் மாறப்போவதில்லை என்றால் அந்தச் சோதனை பெரும்பாலும் வீண். டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மலாயில் கேளுங்கள்: "டொக்டர், உஜியான் இனி உந்தோக் அப்பா? காலாவ் துங்கு டூலு, அப்பா ஜாடி?" நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். உட்கார வைத்து விளக்குவார்.

அடிக்கடி நடப்பவை

சளி, இருமல், சாதாரணக் காய்ச்சல்: இவை பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருபவை. ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. வயிற்றுப்போக்கும் அரிப்பும்தான் மிச்சம். தேவையில்லாமல் தின்றால், உண்மையில் தேவைப்படும் நாளில் அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது.

காய்ச்சலுக்கு ஊசி: இது நம் பக்கத்தில் மிகவும் ஆபத்தான ஆசை. காய்ச்சல் டெங்கியாக இருந்தால் இரத்தம் உறையும் சக்தி குறைந்திருக்கும். அப்போது தசையில் ஊசி குத்தினால் உள்ளே இரத்தம் கசியலாம். ஆஸ்பிரின், டைக்குளோபெனாக், ஐபுபுரோபென் போன்ற வலி மருந்துகளும் அப்போது கூடாது. பாரசிட்டமால் போதும். "ஊசி போட்டு அனுப்புங்க, நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்று நாமே கேட்கக்கூடாது. எம்.சி. வாங்குவதற்கும் ஊசி தேவையில்லை. உடம்பு வேலைக்கு ஆகாது என்று டாக்டர் கண்டால் அதுவே போதும்.

சோர்வுக்கு டிரிப்: ஒரு லிட்டர் சாதாரண உப்பு டிரிப்பில் இருப்பது தண்ணீரும் 9 கிராம் உப்பும். ஐந்து சதவிகிதச் சர்க்கரை டிரிப் என்றால் 50 கிராம் சர்க்கரை. வாயால் குடிக்க முடிந்தவருக்குக் கஞ்சித் தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் அந்த வேலையைச் செய்யும். இருதயம், சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தேவையில்லாத டிரிப் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். விடாத வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு, டெங்கி முற்றிய நிலை ஆகியவற்றில் டிரிப் உயிர் காக்கும். அப்போது மறுக்காதீர்கள்.

இடுப்பு வலி: செம்பனைக் குலை அறுப்பவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் வராத நாளில்லை. புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே குறையும். உடனே எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எடுப்பதால் சீக்கிரம் குணமாவதில்லை. நாற்பது வயதுக்கு மேல் வலியே இல்லாதவருக்கும் படத்தில் தேய்மானம் தெரியும். அதைக் கண்டு பயந்து ஆபரேஷன் வரை போனவர்கள் உண்டு. படுத்தே கிடக்காமல் மெதுவாக நடமாடுங்கள். ஆனால் கால் மரத்துப்போனால், பலமிழந்தால், சிறுநீர் மலம் அடங்காவிட்டால், காய்ச்சலோ உடல் மெலிவோ கூட இருந்தால், விழுந்து அடிபட்டிருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. சி.டி. ஸ்கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை: வயிற்றுக்கு ஒரு தடவை எடுக்கும் சி.டி.யின் கதிர்வீச்சு, மார்பு எக்ஸ்ரேயைப் போலப் பல பத்து மடங்கு.

முழு உடல் பரிசோதனை 'பேக்கேஜ்': "இருபது முப்பது சோதனை, இன்று மட்டும் மலிவு" என்று தாமானில் மேசை போட்டு விற்கிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பல இரத்தச் சோதனைகளில் நலமாக உள்ள நூறு பேரில் 95 பேருக்கு எந்த அளவு இருக்கிறதோ, அதையே 'சரியான அளவு' என்று வைக்கிறார்கள். மீதி ஐந்து பேருக்கு நோயில்லாமலே அளவு தள்ளி நிற்கும். அப்படிப்பட்ட இருபது சோதனைகள், ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை, ஒரே ஆளுக்குச் செய்தால், நோயே இல்லாத நூறு பேரில் சுமார் 64 பேருக்கு ஏதாவது ஒன்று 'கோளாறு' என்று வரும்! அந்தக் கோளாற்றைத் துரத்த ஸ்கேன், ஸ்கேனைத் துரத்த இன்னொன்று. புற்றுநோய் காட்டும் இரத்தச் சோதனை என்று விற்கப்படுபவை சிலவற்றின் அளவு, புகைபிடிப்பதாலும் மாதவிடாயாலும் கூட ஏறும். நோய்க்குறி இல்லாதவருக்கு அவை பயனைவிடப் பயத்தையே அதிகம் தரும்.

மூட்டுவலிப் பொடி, மாத்திரை: சந்தையில் விற்கும் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டு மருந்தைக் கள்ளத்தனமாகக் கலப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தேகப்படுங்கள். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு இளகும். நீண்ட நாள் தின்றவர்கள் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மருந்தை எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள்.

தட்டிக் கழிக்கக் கூடாதவை

"எல்லாம் ஏமாத்து வேலை" என்று சொல்லி வீட்டில் படுத்துவிடுவதும் இதே அளவு தவறு. இவற்றை மறுக்காதீர்கள்:

விடாத காய்ச்சலுக்கு டெங்கி இரத்தச் சோதனை. தோட்டத்திலும் சாக்கடையிலும் வேலை செய்பவர் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் இருக்கலாம் என்று டாக்டரிடம் தன் தொழிலைச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிச் சோதனை. வயது வந்த எல்லாருக்கும் இரத்த அழுத்தம், சர்க்கரை. சர்க்கரை உள்ளவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீர், கண், பாதம். பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை. கர்ப்பிணிகளுக்கு மாதாந்திரப் பரிசோதனை. நெஞ்சு அடைத்தால் உடனே இ.சி.ஜி.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, சிலிம் ரிவர், தெலுக் இந்தான் ஊர்களில் அரசாங்க மருத்துவமனைகள் உள்ளன. பெரிய நோய்க்கு ஈப்போவில் ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனை இருக்கிறது. அரசாங்க உதவித்தொகை பெறும் 40 வயது கடந்தவர்களுக்காக 'பெக்கா பி40' என்ற இலவசப் பரிசோதனைத் திட்டம் 2019-இல் தொடங்கியது. உங்கள் பெயர் அதில் உண்டா என்று கிளினிக்கில் விசாரியுங்கள். மேசை போட்டு விற்பவனிடம் கொடுக்கும் பணம் மிச்சமாகும்.

நம் உரிமை

நம் நாட்டில் தனியார் கிளினிக்கில் நோயைப் பார்ப்பவரே மருந்தையும் விற்கிறார். அதனால் கேள்வி கேட்பது இன்னும் அவசியம். 1998-ஆம் ஆண்டின் தனியார் மருத்துவச் சேவைச் சட்டம் 2006-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி செலவு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கேட்கலாம். எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய பில் கேட்கலாம். குறை இருந்தால் புகார் செய்யலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தவருக்கு அவசரச் சிகிச்சை தராமல் திருப்பி அனுப்பக்கூடாது. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையை மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்ற ஆணையும் வந்திருக்கிறது. விலைப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். மருந்து உறையில் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு வையுங்கள். பழைய இரத்த முடிவு, படம், மருந்து உறை எல்லாம் அதில் இருக்கட்டும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அதைக் காட்டினால் செய்த சோதனையையே மறுபடி செய்ய வேண்டிவராது. வயதானவர்களைத் தனியே அனுப்பாதீர்கள். படித்த பிள்ளை ஒன்று கூடப் போகட்டும். மேலே உள்ள ஐந்து கேள்விகளையும் வெட்டி எடுத்துக் கோப்பின் அட்டையில் ஒட்டிவையுங்கள்.

கூலி உயர்வுக்கு வாய் திறக்கக் கற்றுக்கொண்டோம். அந்த ஒரு வெள்ளி உயர்வுக்காக ஆண்டுக்கணக்கில் பேசி வாங்கிய பணத்தைத் தேவையில்லாத ஒரு ஊசிக்கும் படத்துக்கும் வாய் மூடிக் கொடுத்துவிட்டு வருவது நியாயமா? உடம்புதான் நம் முதலாளி இல்லாத ஒரே சொத்து. அதைப் பற்றிய கேள்வியை அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போதே கேளுங்கள், தோழர்களே!