அறுத்த சேலையும் தோற்ற அப்பீலும்

முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரம் கோர்ட்டுக்கு நாற்பது வருஷம் போய்வந்தவன் நான். கொலை வழக்கில் அப்பீல் தோற்ற குடும்பம், கேஸ் கட்டைப் பட்டுக்கடைப் பையில் சுமந்து வரும். எதிரே புதுக் கோட்டுப் போட்ட பிள்ளை என்ன சொல்வதென்று விழிக்கும். அந்தப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

1. முதலில் தேதியைப் பார். தீர்ப்பு நகலின் பின்பக்க முத்திரையில் நகல் கேட்ட நாள், தயாரான நாள், வாங்கிய நாள் எல்லாம் இருக்கும். ஹைகோர்ட் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போக 90 நாள். அங்கும் தோற்றால் சீராய்வுக்கு 30 நாள். தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் சொல்கிற காரணம் நிற்க வேண்டும்.

2. 'ஹைகோர்ட்டிலேயே மறுபடி கேட்போம்' என்று சொல்லிவிடாதே. கையெழுத்துப் போட்ட குற்றவியல் தீர்ப்பில் எழுத்துப்பிழை, கணக்குப்பிழை தவிர எதையும் அந்தக் கோர்ட் மாற்ற முடியாது. பழைய சட்டத்தில் 362, இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 403.

3. டெல்லி போவது எல்லோருக்கும் உரிமை இல்லை. சிறப்பு அனுமதி கேட்க வேண்டும். பல மனுக்கள் ஒரே வரியில் தள்ளுபடியாகும். கீழ்க்கோர்ட் விடுதலை செய்தவரை ஹைகோர்ட் குற்றவாளியாக்கி ஆயுளோ தூக்கோ கொடுத்திருந்தால் கதை வேறு. அங்கே அப்பீல் உரிமையாகவே உண்டு. இதைக் கவனிக்காமல் விட்டால் பாவம் உன்னைச் சேரும்.

4. சீராய்வு இரண்டாவது அப்பீல் அல்ல. பார்த்தவுடன் தெரிகிற பிழையைத்தான் காட்டலாம். பெரும்பாலும் நீதிபதிகள் அறைக்குள்ளேயே படித்து முடித்துவிடுவார்கள். வாயைத் திறக்க வாய்ப்பில்லை. தூக்கு வழக்குக்கு மட்டும் 2014 முதல் திறந்த கோர்ட்டில் விசாரணை உண்டு. மகாராஷ்டிராவில் ஆறு பேருக்கு 2009-ல் தூக்கு என்று தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றமே சீராய்வில் வழக்கைத் திறந்து, 2019-ல் ஆறு பேரையும் விடுவித்தது. அது அபூர்வம். அதைக் காட்டி பீஸ் வாங்காதே.

5. கடைசிக் கதவு கியூரேட்டிவ் மனு. 2002-ல் ரூபா ஹுரா வழக்கில் பிறந்தது. மூத்த வழக்கறிஞர் ஒருவர் சான்று தர வேண்டும். நித்தாரி தொடர் கொலை வழக்குகளில் ஒன்றில் 2025-ல் அந்தக் கதவு திறந்தது. அதே மாதிரி சாட்சியம் மற்ற வழக்குகளில் நிற்காமல் போனதுதான் காரணம்.

6. வயதைக் கேள். சம்பவத்தன்று பதினெட்டு நிரம்பவில்லை என்றால், எல்லாக் கோர்ட்டும் முடிந்த பிறகும் சொல்லலாம். பள்ளிச் சான்றிதழைத் தேடச் சொல். தூக்குக் கைதி ஒருவர் இப்படித்தான் 28 வருஷம் கழித்து 2023-ல் வெளியே வந்தார்.

7. தண்டனை குறைவது வேறு, குற்றம் நீங்குவது வேறு. நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கைப் படி. 1998-ல் பூந்தமல்லி தடா கோர்ட் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் ஹைகோர்ட் என்ற படியே இருக்கவில்லை. அப்பீல் நேரே டெல்லிக்கு. 1999-ல் ஏழு பேர் மேல் கொலைக் குற்றம் நின்றது, அதில் பேரறிவாளன் உட்பட நாலு பேருக்குத் தூக்கு. சீராய்வும் போனது. தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை என, வாக்குமூலம் வாங்கிய அதிகாரியே 2013-ல் சொன்னார். அப்படியும் தீர்ப்பைத் திரும்பப் பெறக் கேட்ட மனு 2018-ல் தள்ளுபடி. கருணை மனு வருஷக்கணக்கில் கிடந்ததால் 2014-ல் தூக்கு ஆயுளானது. 2022 மே 18-ல் அரசியல் சாசனப் பிரிவு 142-ன்கீழ் விடுதலை. மனிதர் வீட்டுக்கு வந்துவிட்டார். 1999 தீர்ப்பு அப்படியேதான் இருக்கிறது.

8. ஆகவே செஷன்ஸ் கோர்ட்டிலேயே வேலையைச் செய். தறியில் இருக்கும்வரை அறுந்த இழையைப் பிணைக்கலாம். சேலையை அறுத்து மடித்த பிறகு எந்த நெசவாளியும் ஊடையைப் பிரிக்க மாட்டார். இரவில் பார்த்ததாகச் சொன்ன சாட்சியிடம், தெருவிளக்கு எரிந்ததா என்று நான் ஒருமுறை கேட்காமல் விட்டேன். மேலே போன கோர்ட்டிலெல்லாம் நீதிபதிகள் அதையே கேட்டார்கள்: “இதை விசாரணையில் கேட்டீர்களா?”